மணமற்ற தோல், முதல் தரம்

எனக்கு வியர்க்கும். இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் பெரிய பெரிய ஆட்கள் வந்து இதை மறுத்துப் பேசப்போகிறார்கள், அவர்கள் பேச்சில் நீங்கள் மயங்கிவிடக் கூடாது. வெயில் வேண்டாம், வேலை வேண்டாம், யாராவது இரண்டு பேர் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தாலே போதும், அக்குள் நனைந்துவிடும். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் டீச்சரிடம் போய் இடம் மாற்றிக் கேட்டாள். அன்றிலிருந்து கைப்பையில் பவுடர் டப்பா இல்லாமல் நான் வாசல்படி இறங்கியதில்லை. ‘இவ மேல நாத்தம் அடிக்குது’ என்று நாலு பேர் நடுவில் ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நடமாடுவது? எனக்கு இருந்த பயம் அது ஒன்றுதான். மற்றபடி நான் யாருக்கும் பயப்படுகிறவள் இல்லை.

இப்படிப்பட்டவளைத்தான் வரலாற்று வாசனைப் பாதுகாப்பு நிறுவனம் ‘மணமற்ற தோல், முதல் தரம்’ என்று முத்திரை குத்திச் சான்றிதழ் கொடுத்து வேலைக்கு எடுத்தது.

நான் வேலை பார்த்த தையல் கடையை மூடிவிட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் டைல்ஸ் ஒட்டுகிறவர். நாலு வார்த்தை சேர்த்துப் பேசினால் வாய் வலிக்கும் என்று நினைக்கிற ஜாதி. வேலை தேடி நான் அலைந்துகொண்டிருந்தபோது நாத்தனார்தான் சேதி கொண்டுவந்தாள்.

“அண்ணி, தோல் உதவியாளர்னு ஆள் எடுக்கறாங்க. பழைய காலத்து ராஜா ராணியெல்லாம் என்ன சென்ட் போட்டாங்கன்னு கண்டுபிடிக்கிற ஆபீஸ். போய் உக்காந்திருந்தாப் போதுமாம். ஏசி இருக்கும்.”

ஏசி இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

நேர்முகத் தேர்வுக்குப் பஸ் கிடைக்காமல் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தேன். அவசரத்தில் வேறு பையை எடுத்து வந்துவிட்டேன், பவுடர் டப்பா வீட்டில் கிடந்தது. அவ்வளவுதான், இங்கேயே மானம் கப்பலேறப்போகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். வரிசையில் எனக்கு முன்னால் ஐம்பது பெண்களாவது இருப்பார்கள். வாசனை ஆபீஸ் என்று கேள்விப்பட்டு ஒவ்வொருத்தியும் வீட்டில் இருந்த சென்ட் பாட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்திருந்தாள். நான் கடைசி.

உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூத்த முகர்வாளர், முகர்வாளர், இணை முகர்வாளர் என்று எதிரில் பலகை வைத்திருந்தார்கள். ஆபீஸில் எல்லாரும் அவர்களைப் பெரிய மூக்கு, நடு மூக்கு, சின்ன மூக்கு என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். கையை நீட்டச் சொன்னார்கள். நீட்டினேன். பெரிய மூக்கு என் மணிக்கட்டிலிருந்து முழங்கை மடிப்பு வரைக்கும் மோந்துகொண்டே போனார். கண்ணை மூடினார். திறந்தார்.

“ஒண்ணுமே இல்ல!” என்றார்.

நடு மூக்கும் மோந்து பார்த்துவிட்டு, “ஆமா சார், ஒண்ணுமே இல்ல” என்றார். சின்ன மூக்கு குனிவதற்கு முன்னாலேயே “ஒண்ணுமே இல்ல சார்” என்றுவிட்டார்.

காலையிலிருந்து ஐம்பது பெண்களின் சென்ட்டை மோந்து மோந்து அந்த மூக்குகள் மரத்துப் போயிருந்தன. அந்த நேரத்தில் மேஜைமேல் ஒரு செத்த எலியை வைத்திருந்தாலும் முதல் தரம் என்றுதான் எழுதிக் கொடுத்திருப்பார்கள். இதெல்லாம் இப்போது புரிகிறது. அப்போது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. படித்த மனிதர்கள் மூன்று பேர், கோட்டு போட்டவர்கள், என் மேல் ஒரு வாசனையும் இல்லை என்று சொல்கிறார்கள். வீட்டுக்கு ஓடிப்போய் எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

நாத்தனார் சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு, வருகிறவர்கள் கண்ணில் படும்படி மாட்டிவைத்தாள். என் வீட்டுக்காரர் அதை நின்று நிதானமாகப் படித்தார்.

“தப்பா எழுதியிருக்காங்களே” என்றார்.

“எதுல தப்பு?”

“இல்ல, விடு” என்று கை கழுவப் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. மனுஷனுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

வேலையில் சேர்ந்த அன்றே விதிகளைச் சொன்னார்கள். சோப்பு கூடாது, ஷாம்பு கூடாது, பவுடர் கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது. வெங்காயம், பூண்டு, காபி மூன்றுக்கும் தடை. வெறும் தண்ணீரில்தான் குளிக்க வேண்டும். தோல் அறை என்று ஒரு அறை, அதில்தான் நான் உட்கார வேண்டும். ஜன்னல்களை அட்டை ஒட்டி அடைத்திருந்தார்கள். ஃபேனைக் கழற்றிவிட்டு அந்தக் கொக்கி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

“ஃபேன் இல்லையா சார்?” என்று இயக்குநரிடம் கேட்டேன்.

“காத்து அடிச்சா வரலாறு கலைஞ்சிடும்மா” என்றார் அவர்.

இயக்குநர் தங்கமான மனிதர், யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். ஊழியர்களை நிற்கவைத்துப் பேசுவதில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் ஆசை உண்டு. நிறுவனத்தின் பெருமையை அவர் வாயால் கேட்க வேண்டும்.

“இந்த ராணியோட குப்பியை வெளிநாட்டுக்கு அனுப்பு, மிஷின்ல வச்சா ஒரே நாள்ல என்னென்ன கலந்திருக்குன்னு சொல்லிடுவான்னு சில பேர் பேசறாங்க. சொல்லிடுவான். யார் இல்லேன்னா? ஆனா ஒரே நாள்ல சொல்லிட்டா, மறுநாள் நாம எல்லாரும் எங்க போறது? நம்ம முகர்வாளர்கள் பதினோரு வருஷமா இதே குப்பியை ஆராயறாங்க. எந்த மிஷினுக்கு இந்தப் பொறுமை வரும்?”

எல்லாரும் கை தட்டினோம்.

அந்தக் குப்பி கட்டை விரல் அளவு இருக்கும். அடியில் டீத்தூள் மாதிரி ஏதோ காய்ந்து கிடந்தது. எந்த ராஜாவின் எந்த ராணி என்று கேட்கக் கூடாது, அதற்குத் தனிப் பிரிவு இருந்தது. அந்தக் காய்ந்ததை ஸ்பிரிட்டில் கரைத்து ஒரு சொட்டு என் முழங்கை மடிப்பில் விடுவார்கள். ராணி தோலில்தானே பூசியிருப்பாள், அதனால் தோலில்தான் மோந்து பார்க்க வேண்டுமாம். சொட்டு விட்டபின் நான் அந்த அடைத்த அறையில் அது ‘மலரும்’ வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். பிறகு மூன்று மூக்குகளும் வரிசையாக வந்து மோந்துவிட்டுப் போவார்கள்.

அதற்கப்புறம் வழிப்பு. குப்பியில் இருந்த சரக்கை ‘மூலம்’ என்பார்கள், அது ஒரு துளிகூட வீணாகக் கூடாது என்பது நிறுவனத்தின் முதல் கொள்கை. ஆகவே சோதனை முடிந்ததும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் என் தோலிலிருந்து அதைத் துடைத்தெடுத்து ஒரு பெரிய ஜாடியில் போட்டு மூடிவிட வேண்டும். ஜாடிமேல் ‘மீட்கப்பட்ட மூலம்’ என்று எழுதி ஒட்டியிருந்தது. சொட்டு விட்டது முழங்கையில், ஆனால் தோள் வரைக்கும், அக்குள் வரைக்கும் துடைக்கச் சொன்னார்கள்.

“அங்கல்லாம் எதுக்கு சார்?” என்று கூச்சத்தோடு கேட்டேன்.

“வரலாறு எதுவரைக்கும் பரவியிருக்கும்னு யார் கண்டாங்க?” என்றார் பெரிய மூக்கு.

திரைக்குப் பின்னால் போய் நானே துடைத்து, தலையைத் திருப்பிக்கொண்டு ஜாடியில் போடுவேன். அந்த அறையில் அவ்வளவு நேரம் உட்கார்ந்து எழுந்த உடம்பு எப்படி இருக்கும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

சோப்பு இல்லாமல், பவுடர் இல்லாமல் பஸ்ஸில் போய்வருவது இருக்கிறதே, அது தனிக் கொடுமை. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஜன்னல் பக்கம் திரும்புவார்கள், பிறகு எழுந்து கம்பியைப் பிடித்து நிற்பார்கள். பையில் பவுடர் டப்பா இருந்த இடத்தில் நான் சான்றிதழின் ஜெராக்ஸை வைத்திருந்தேன். யாராவது வாய் திறந்து சொன்னால் எடுத்து நீட்டலாம் என்று. யாரும் சொல்லவில்லை, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். இறங்கி வீடு வரைக்கும் தலையைக் குனிந்துகொண்டே நடப்பேன். ஆனால் மறுநாள் தோல் அறையில் மூன்று பேரும் என் கையை மோந்து, “தோல்ல ஒண்ணும் இல்ல, எல்லாம் மூலம்தான்” என்று சொல்லும்போது மனசு ஆறிவிடும். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு என்ன தெரியும், படித்தவர்களே சொல்கிறார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அதே மூன்று பேரும் ராணியின் வாசனையைத் திரும்பச் செய்துகொண்டிருந்தார்கள். அதை மட்டும் தோலில் விட மாட்டார்கள், காகிதப் பட்டையில் நனைத்துத்தான் மோந்து பார்ப்பார்கள். புதுச் சரக்கில் தோல் கலக்கக் கூடாதாம். எத்தனை விதமாகக் கலந்தாலும் காகிதத்தில் ஏதோ ஒன்று குறைந்தது.

“ரோஜா இருக்கு. எலுமிச்சைத் தோல் இருக்கு. மரப்பிசின் இருக்கு. ஆனா உயிர் இல்ல” என்று பெரிய மூக்கு காகிதத்தைத் தூக்கி எறிவார். “அந்தம்மா தோல்ல மோந்தா ராணி எதிர்ல நிக்கறா. இதுல வேலைக்காரிகூட இல்ல.”

அந்தக் குறையைத் தேடித்தான் குழுக்கள் போட்டார்கள். ராணி குதிரை ஏறுவாள் என்று ஒரு குழு சொல்லி, எங்கிருந்தோ பழைய சேணம் ஒன்றைக் கொண்டுவந்து அண்டாவில் வேகவைத்தார்கள். ஆபீஸ் முழுக்க நாறியது. இல்லை, அது இல்லை என்றார் பெரிய மூக்கு. பிறகு ராணியின் பிள்ளைகள் போரில் செத்ததாக ஒரு வரலாற்றுப் பேராசிரியர் சொல்ல, குறைவது சோகம்தான் என்று முடிவாகி, சோகத் துணைக்குழு அமைத்தார்கள். அந்தக் குழு என்னைக் கூப்பிட்டு, “உங்களுக்கு அழ வருமாம்மா?” என்று கேட்டது. எனக்கென்ன, பஸ்ஸை நினைத்தேன், பொலபொலவென்று கொட்டியது. காகிதத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். அதுவும் இல்லையாம். கடைசியில் கடல் தாண்டி ஏதோ மலையில் ஒரு புல் இருக்கிறது என்று பெரிய மூக்கு குடும்பத்தோடு போய்வந்தார். புல் கிடைக்கவில்லை. அவர் மனைவிக்கு மட்டும் நல்லதாக ஒரு கைப்பை கிடைத்திருந்தது.

இதற்குள் குப்பியில் இருந்தது தீர்ந்துவிட்டது. பதினோரு வருட ஆராய்ச்சிக்கு இனிமேல் ஆராய ஒன்றும் இல்லை. இயக்குநர் முகம் வெளிறிப்போய், யாரையும் நிற்கவைத்துப் பேசாமல் நடமாடினார். அப்போதுதான் சின்ன மூக்குக்கு ஜாடி ஞாபகம் வந்தது.

ஜாடியைத் திறந்தார்கள். பஞ்சையெல்லாம் பிழிந்து, வடிகட்டி, காய்ச்சி, அதில் ஒரு சொட்டைப் புதுச் சரக்கில் விட்டார்கள். காகிதத்தில் நனைத்துப் பெரிய மூக்கு மோந்தார். நான் கை அலம்ப அந்தப் பக்கம் வந்தவள், பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் முகம் கோணிக்கொண்டு போனது, ஒரு பெரிய மனிதர் குழந்தை மாதிரி விசும்பினார்.

“வந்துட்டாங்க. இவங்கதான். இவங்கதான்!”

நடு மூக்கு காகிதத்தை என் பக்கமும் நீட்டினார். மோந்தேன். ரோஜாவுக்கும் எலுமிச்சைக்கும் அடியில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. கோடையில் தையல் மெஷினிலிருந்து எழுந்திருக்கும்போது என் ஜாக்கெட்டில் இருப்பது. நான் வாயைத் திறக்கவில்லை. நீங்களாக இருந்தால் திறந்திருப்பீர்களா?

வெளியீட்டு விழாவுக்கு அமைச்சர் வந்தார். ஊழியர்களின் குடும்பங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, நாத்தனாரோடு நடு வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் சுவரோரமாக மற்ற ஊழியர்களோடு நின்றிருந்தேன். இயக்குநர் பேசினார், அமைச்சர் பேசினார், பிறகு மண்டபத்தில் எல்லாருக்கும் ஆளுக்கொரு காகிதப் பட்டை கொடுத்தார்கள்.

அமைச்சர் கண்ணை மூடி நெஞ்சு நிறைய இழுத்தார். “ராஜ குடும்பம்னா ராஜ குடும்பம்தான்யா” என்றார் மைக்கில். மண்டபமே இழுத்தது. வரிசை வரிசையாக ஆண்களும் பெண்களும் தலையைச் சாய்த்து மோந்துகொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் கழுத்தில் தேய்த்துக்கொண்டாள். தொப்பை விழுந்த ஒருவர் பக்கத்து ஆளின் பட்டையையும் வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். நான் சுவரில் ஒட்டிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மோந்தார். முதலில் சிரித்தார், நான் எங்கேயோ பக்கத்தில் வந்துவிட்டேன் என்பது போல ஒரு பக்கம் திரும்பிக்கூடப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கினார். மண்டபத்தில் அத்தனை பேரும் மோந்துகொண்டிருப்பதைப் பார்த்தார். அவர் காது இரண்டும் சிவந்துவிட்டன. மெல்ல எழுந்து, காலியாக இருந்த நாற்காலிகளில் கிடந்த பட்டைகளை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். தரையில் விழுந்ததைப் பொறுக்கினார். கூட்டம் கலைந்த பிறகும் வரிசைக்குள் குனிந்து குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணா, என்ன அல்பத்தனம் இது! அதான் ஒண்ணு குடுத்தாங்கல்ல!” என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“அது ராணி இல்ல” என்றார். “அது நீ.”

“இதை வெளிய யார்கிட்டயாவது சொன்னீங்க, என்னை உசுரோட பாக்க மாட்டீங்க” என்றேன்.

விழா முடிந்த கையோடு ராணியின் வாசனையை நாட்டின் சொத்தாக அறிவித்துவிட்டார்கள். அதை யாரும் வெளியே கடத்தக் கூடாது என்று வாசலில் காவலும் போட்டார்கள். வாட்ச்மேனுக்குச் சின்ன மூக்கு பயிற்சி கொடுத்தார். சாயங்காலம் வெளியே போகிற ஒவ்வொருவரையும் வாட்ச்மேன் மோந்து, கையிலிருக்கும் பட்டையை மோந்து, ஒத்துப் பார்த்து அனுப்புவார். முதல் நாளே நான் மாட்டிக்கொண்டேன்.

“அக்கா, கொஞ்சம் நில்லுங்க” என்றார். என்னை மோந்தார். பட்டையை மோந்தார். மறுபடி என்னை. “அதேதான்! சார், சார், அதேதான்!” என்று கத்தினார். பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போல இருந்தது.

இயக்குநர் அறையில் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்கள். மெல்லிய குரலில் சொன்னேன்: “சார், நான் ஒண்ணும் எடுக்கல. எனக்கு… எனக்கு வேர்க்கும் சார்.”

இயக்குநர் அன்பாகச் சிரித்தார். “உங்களுக்கு மணமே கிடையாதும்மா. நாங்கதானே சான்றிதழ் குடுத்தோம்? அப்ப இப்ப உங்க மேல ஒரு மணம் இருக்குன்னா, அது எங்களோடதாத்தானே இருக்கணும்?”

“இல்ல சார், அந்த ஜாடியில…”

“யோசிச்சுப் பேசுங்க” என்றார், சிரிப்பு மாறாமல். “நீங்க சொல்ல வர்றது நிஜம்னா, அன்னிக்கு அமைச்சர் மோந்தது என்ன?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். விசாரணைக்கு நாள் குறித்தார்கள். திருட்டு உறுதியானால் வேலை போகும், போலீசுக்கும் போகும். இல்லை, அது என் சொந்த மணம்தான் என்றால் நானே அதை நிரூபிக்க வேண்டும், சாட்சி இருந்தால் அழைத்து வரலாம். நான் வீட்டில் மூச்சு விடவில்லை. ஆனால் வாட்ச்மேன் நாத்தனாருக்குப் பழக்கமானவர், அவர் மூலமாக அவளுக்குத் தெரிந்து, அவள் மூலமாக அண்ணனுக்குத் தெரிந்து, விசாரணையன்று பார்த்தால் இவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கையில் ஒரு பெரிய துணிப்பையோடு வாசலில் நிற்கிறார்.

“நீங்க எதுக்கு வந்தீங்க? போங்க வீட்டுக்கு” என்றேன்.

“நீ திருடலன்னு எனக்குத்தானே தெரியும்” என்றார்.

கண்ணாடி மேஜைக்கு அந்தப் பக்கம் இயக்குநரும் மூன்று மூக்குகளும். ஓரத்தில் டைப் அடிக்க ஒரு பெண். இவர் நின்றுகொண்டே சாட்சி சொன்னார்.

“இந்த மணம் உங்க மனைவியோடதுன்னு சொல்றீங்க. எப்பலேருந்து?” என்று கேட்டார் பெரிய மூக்கு.

“கல்யாணம் ஆனதுலேருந்து சார். அதுக்கு முந்தி எனக்குத் தெரியாது.”

டைப் அடிக்கிற பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“நீங்க முகர்வியல் படிச்சவரா?”

“இல்ல சார். டைல்ஸ் ஒட்டறேன்.”

“அப்போ எந்த அடிப்படையில சொல்றீங்க?”

“பக்கத்துல படுக்கறேன் சார்.”

அந்தப் பெண் கையை நிறுத்திவிட்டு இயக்குநரைப் பார்த்தாள். “அதையும் போடும்மா” என்றார் இயக்குநர். அவள் அடித்தாள். ஒவ்வொரு எழுத்தும் என் தலையில் விழுந்தது. நான் இவரை முறைத்தேன், ஜாடை காட்டினேன், தொண்டையைச் செருமினேன். வருஷக்கணக்காகப் பேசாத மனுஷனுக்கு அன்றைக்குத்தானா வாய் திறக்க வேண்டும்!

“இவங்க அம்மாக்கு உடம்பு சரியில்லேன்னு ஒரு மாசம் ஊருக்குப் போயிட்டா சார். எனக்குத் தூக்கமே வரல. என்னன்னே புரியல. அப்புறம் ஒரு நாள் இவ தலையணையை எடுத்து வச்சுப் படுத்தேன். தூக்கம் வந்துடுச்சு. அந்த மாசம் பூரா அப்படித்தான் தூங்கினேன். அது இந்த ஆபீஸுக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடி சார். ராணி எங்க வீட்டுக்கு எப்ப வந்தாங்க?”

இப்படி ஒரு விஷயம் எனக்கு அன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய இடமா அது? முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் மேஜையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அந்தத் தலையணையை ஆதாரமா வைக்க முடியுமா?” என்றார் நடு மூக்கு.

“கொண்டாந்திருக்கேன் சார்” என்று இவர் பையைத் திறந்தார்.

எங்கள் வீட்டுத் தலையணை. பழுப்பேறிய உறை, தலை வைத்த இடத்தில் எண்ணெய்க் கறை, ஓரத்தில் கிழிசலுக்கு நீலத் துணியில் பச்சை நூலால் நானே போட்ட தையல். அதை அந்தப் பளபளக்கிற கண்ணாடி மேஜையின் நடுவில் இரண்டு கையாலும் வைத்தார், கறை தெரியாமல் திருப்பிக்கூட வைக்கத் தெரியவில்லை அந்த மனுஷனுக்கு. பெரிய மூக்கு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு தலையணையை நோக்கிக் குனிந்தார். அவர் மூக்குத் துளைகள் விரிவதை நான் பார்த்தேன். இன்னும் ஒரு ஜாண்தான் இருக்கும்.

“நான்தான் திருடினேன்!” என்று கத்திவிட்டேன்.

அவர் அப்படியே நின்றார்.

“நான்தான் சார் திருடினேன். ராணியோடதுதான். தினம் கொஞ்சம் எடுத்துட்டுப் போய்ப் பூசிக்குவேன். தலையணையிலயும் அதான் ஒட்டிக்கிச்சு. எனக்கு வேர்வையே கிடையாது.”

“ஏய், என்ன சொல்ற நீ?” என்றார் இவர்.

“உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க! சார், இவருக்கு மூக்கே சரியில்ல. சிமென்ட்லயே கிடக்கற ஆளு.”

மேஜைக்கு அந்தப் பக்கம் நாலு முகத்திலும் ஒரே நேரத்தில் நிம்மதி பரவியது. இயக்குநர் எல்லாருக்கும் டீ கொண்டுவரச் சொன்னார், எனக்கும் சேர்த்து. இவர் மட்டும் டீயைத் தொடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கமே திரும்பவில்லை.

“எங்க நிறுவனத்துக்கு ஈவிரக்கம் உண்டு” என்று இயக்குநர் ஆரம்பித்தார். “போலீஸ் வேண்டாம். வேலையும் போகாது. ஆனா திருட்டுப் பொருள் திரும்ப வரணும் இல்லையா? ராணியோட மணம் இப்ப உங்க உடம்புல ஊறிக் கிடக்கு. அதைக் கொஞ்சம் கொஞ்சமா திருப்பிக் குடுத்துடுங்க. வாரா வாரம் நம்ம மாடிப்படியில ஏறி இறங்குங்க, பஞ்சு குடுப்பாங்க. அவசரமே இல்ல, உங்க ஆயுசு பூரா எடுத்துக்குங்க. அடுத்த வருஷம் ஏற்றுமதிக்கும் ஆர்டர் வந்திருக்கு.”

“ரொம்ப நன்றி சார்” என்றேன். நிஜமாகவே சொன்னேன்.

இவர் எழுந்து தலையணையை எடுக்கக் கை நீட்டினார். அதற்குள் சின்ன மூக்கு கையுறை போட்டுக்கொண்டு அதைத் தூக்கிவிட்டார்.

“சார், அது எங்க வீட்டுத் தலையணை.”

“தலையணை உங்களோடதுதான்” என்றார் இயக்குநர். “மணம் எங்களோடது. ரெண்டையும் பிரிக்க முடியாது பாருங்க. நீங்களே நேர்மையா கொண்டுவந்து ஒப்படைச்சிருக்கீங்கன்னு பலகையில போடச் சொல்றேன்.”

இவர் நீட்டிய கையோடு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு காலிப் பையை எடுத்துக்கொண்டார். நாங்கள் வெளியே வரும்போதே முன் கூடத்தில் கண்ணாடிப் பெட்டி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேன் என்னை மோந்து பார்க்காமலே கதவைத் திறந்துவிட்டார்.

பஸ்ஸில் கூட்டம். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கையைத் தூக்க வேண்டியிருந்ததால் நான் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். இவர் ஒரு கையால் அந்தக் காலிப் பையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். நாலைந்து நிறுத்தம் தாண்டியிருக்கும்.

“ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத” என்றார். “அங்க நீ எதுக்கு அப்படிச் சொன்னன்னு நான் கேக்கல. ஆனா பெரியவங்க எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க. நீயும் சொல்லிட்ட. எனக்கே இப்ப குழப்பமா இருக்கு. இத்தனை வருஷமா நான் மோந்தது உன்னோட வாசனைதானே?”

கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தார்கள். எனக்கு அக்குள் நனைந்துவிட்டது.

“மெதுவாப் பேசுங்க” என்றேன்.